மசியலில் ஐந்தாவது பங்கு

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் தொடங்கி, வீட்டில் நடப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். யாரோ ஒரு வெளியாள் படித்தாலும் புரியும்படி எழுதுவதுதான் நல்ல பதிவு என்று எங்கள் வரலாற்று டீச்சர் சொல்கிறார். ஆகவே உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன் என்று அலுத்துக்கொள்ளாதே. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. பெரியம்மாவின் இடது காது இப்போதும் தனக்குப் பிடித்ததை மட்டுமே கேட்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? விடுதியில் தூக்கம் வருகிறதா?

நீ கிளம்பிய சனிக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். அப்பா இறந்த பிறகு நம்மையும் அம்மாவையும் தன் வீட்டுக்கு அழைத்து வந்தவர் பெரியப்பா. நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அண்ணன் தம்பிகளின் வரப்புச் சண்டைகளெல்லாம் தான் கோடு போட்ட பிறகுதான் ஓய்ந்தன என்பார். அந்தப் பழக்கம் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் சாயங்காலம் நம் வீட்டில் பெரிய அவரை மசியல். காய்ந்த அவரையை வேகவைத்து மசித்துப் பித்தளைத் தட்டில் பரப்பி ஆறவைத்தால் இறுகிவிடும். பெரியப்பா கரண்டிக் காம்பால் அதில் கோடு போட்டு ஐந்து பங்கு பிரிப்பார். நடுவில் எண்ணெயை ஊற்றுவார். அது கோடுகள் வழியே வாய்க்கால் தண்ணீர் போல ஓடி ஒவ்வொரு பங்குக்கும் சமமாகப் போய்ச் சேரும். அதன் பிறகுதான் யாரும் ரொட்டியைத் தொடலாம்.

அன்று மசியலைச் செய்து வைத்துவிட்டுத்தான் நீ பெட்டியை எடுத்தாய். பெரியப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பஸ் ஓட்டத்தான் போறேன்னா போ. படி தாண்டினா இந்த வீட்டுல உனக்குப் பங்கு கிடையாது." நீ "சரி பெரியப்பா" என்று செருப்பைப் போட்டுக்கொண்டாய். அதுவரை உனக்குத் தெரியும். தெரியாதது இது. சாயங்காலம் அவர் தட்டை முன்னால் இழுத்து, குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டார். நான்கு பங்கு. நீ செய்த மசியலில் உனக்குப் பங்கு இல்லை.

"நாலு போட அளவையர் எதுக்கு, வெங்காயம் நறுக்குறவன் போதுமே" என்றார் பெரியம்மா. யாரும் சிரிக்கவில்லை. அம்மா தன் பங்கை என் பக்கம் தள்ளிவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனாள். நான் இரண்டு பங்கையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதையும் எழுதியாக வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பூச்சி


ஜூன் 19

என் புத்தகப் பூச்சிக்கு,

நான் சுகம். என் கால்தான் சுகமில்லை. இந்த ஊர் பஸ்ஸின் கிளட்ச்சை மிதிக்க ஒரு ஆள் போதாது, பக்கத்து வீட்டிலிருந்தும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். எங்கள் பயிற்சியாளர் ஒரு வார்த்தையைத்தான் சொல்வார்: "மெதுவா." நன்றாக ஓட்டினாலும் அதே வார்த்தை, தூணில் இடித்தாலும் அதே வார்த்தை.

விடுதியில் என்னோடு மூன்று பெண்கள். ஒருத்தி தூக்கத்தில் கியர் போடுகிறாள். ஜன்னலைத் திறந்தால் டிப்போ தெரியும். விடியும் முன் எல்லா வண்டியும் சேர்ந்து உறுமும்போது, நம் தெருவே மொத்தமாகச் சண்டைக்குக் கிளம்புவது போல இருக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

சாப்பாடு இருக்கிறது.

என் கடிதங்களை நீ வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவாய் என்று தெரியும். நல்லது. அப்படியே பெரியப்பாவிடம் என் சார்பில் கேள்: நான்கு பங்கு போடும்போது கை கூசவில்லையா? ஐந்து போடுவதுதான் வித்தை என்று அவர்தானே பெருமை பேசுவார்.

அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. நீ ராத்திரி போர்வைக்குள் கைவிளக்கு வைத்துப் படிப்பதை நிறுத்து.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தேன். எனக்கு ஒரு பல் ஆடுகிறது. மற்றபடி குறையில்லை. நீ கேட்கச் சொன்ன கேள்வியைக் கேட்டேன். பெரியப்பா செய்தித்தாளின் பின்னாலிருந்து, "அவளுக்கு வாய் மட்டும் நாலாவது கியர்ல போகுது" என்றார்.

வீட்டில் ஒரு நெருக்கடி. நீ போன பிறகு மசியல் சரியாக வருவதே இல்லை. அம்மாதான் செய்கிறாள். தோலோடு வேகவைக்கிறாள். பாதி அவரை மசிகிறது, பாதி முழித்துப் பார்க்கிறது. தட்டில் கொட்டினால் கப்பி போடாத தெரு மாதிரி மேடும் பள்ளமும். பெரியப்பா கோடு போட்டால் காம்பு அவரையில் தடுக்கி வழுக்குகிறது. எண்ணெய் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல் மொத்தமாகப் பெரியம்மா பக்கம் ஓடிவிடுகிறது. நான்கு வாரமாக இதேதான். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாலும் முழு அவரைய மசியல்ல மறைக்க முடியாது போல" என்று சொல்லிக்கொண்டே பெரியம்மா எண்ணெயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார். அவருக்கு இதில் நஷ்டமில்லை.

அம்மா பெரியப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை அல்லவா, என்னைப் பார்த்துத்தான் சொல்வாள். "பெரியப்பாகிட்டச் சொல்லு, பெரியவதான் இத்தனை வருஷமா செஞ்சா, எனக்குக் கை மறந்துடுச்சுன்னு." சொன்னேன். அவர் ஒரு மாமரத்தைத் தப்பான வயலில் பார்த்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வருவது அவர் சொல்லி நான் எழுதுவது: மசியல் செய்யும் முறையை ஒன்று விடாமல் எழுதி அனுப்பவும். ஊறவைப்பது எவ்வளவு நேரம், தண்ணீர் எவ்வளவு, தீ எப்படி என்பன உள்பட. (இது மட்டும்தான் அவர் சொன்னது. "நல்லா இருக்கியா" என்பதையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். "தாள் வீண்" என்றார்.)

உன் அன்புள்ள,
பூச்சி


ஜூலை 11

பூச்சிக்கு,

சுகம். நேற்று முதல் முறையாக நிஜத் தெருவில் ஓட்டினேன். ஒரு பசு என்னைப் பார்த்து ஒதுங்கியது. ஒரு மனிதர் ஒதுங்கவில்லை.

மசியல் விஷயம். எழுதி அனுப்ப மாட்டேன்.

நன்றாகக் கேட்கும்படி வாசி. அந்தத் தட்டில் எனக்குப் பங்கு இல்லையென்றால், என் கைப்பக்குவத்துக்கும் அங்கே வேலை இல்லை. ஆளை அழித்துவிட்டு ஆளின் கையை மட்டும் தபாலில் வரவழைக்க முடியாது. கடையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள எத்தனையோ விற்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள்.

உனக்கு மட்டும் ஒன்று. நீ நன்றாகக் கவனிக்கிற பெண் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுப்படியைக் கவனி.

அம்மாவுக்கு என் அன்பு. ஆடும் பல்லை நாக்கால் தள்ளாதே.

அக்கா


ஜூலை 20

நலம். நலமென நம்புகிறேன்.

பொருள்: அவரை.

தங்கை மூலம் கேட்டிருந்த விவரங்களைத் தர மறுத்து நீ எழுதிய கடிதம் குடும்பத்தார் முன்னிலையில் வாசிக்கப்பட்டது. ஒரு வீட்டில் சமைக்கும் முறை அந்த வீட்டுக்குச் சொந்தம். அதை எடுத்துக்கொண்டு போக எவருக்கும் உரிமையில்லை. நான் சொன்ன சொல்லில் மாற்றமில்லை என்பதையும் இதனால் தெரிவித்துக்கொள்கிறேன்.

அங்கே மழை அதிகம் என்று செய்தித்தாளில் பார்த்தேன். வழுக்கும் சாலையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்கக் கூடாது.

பெரியப்பா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்கா,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தபால்காரர் நம் வீட்டைத் தாண்டும்போது இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்க்காமலே சைக்கிளை மிதிக்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஓட்டுநர் தேர்வு இந்த மாதம் என்றாயே, என்ன ஆயிற்று? இங்கே எல்லோரும் சுகம். என் பல் விழுந்துவிட்டது. சத்தம் போடவில்லை.

இந்த இரண்டாம் பக்கத்தைக் கவனமாகப் படி, இது உனக்கு மட்டும். போன சனிக்கிழமை பெரியப்பா கண் மருத்துவரைப் பார்க்கப் பெரியம்மாவோடு வெளியூர் போயிருந்தார். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பூகோளம் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஊறிய அவரையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தோல் உரித்தாள். பார்த்து உரிக்கவில்லை. கட்டை விரலால் ஒரு அழுத்து, உள்ளே இருக்கும் பருப்பு துள்ளி வெளியே வருகிறது, தோல் விரலிலேயே நிற்கிறது. வெங்காயமும் பூண்டும் சேர்த்து வேகவைத்தாள். நுரை பொங்கப் பொங்க வழித்துப் போட்டாள். அப்புறம் தீயைக் குறைத்துவிட்டுக் கரண்டியே போடவில்லை. "கிண்டினா அடிப்பிடிக்கும், தானா விழட்டும்" என்றாள். எனக்கு அல்ல, பானைக்கு. கடைசியில் மத்தால் நாலு சுற்று. அவ்வளவுதான் அக்கா. சலவைத் துணியை மடித்து வைத்த மாதிரி மழமழவென்று இருந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து இரண்டு கிண்ணத்தில் எடுத்து வந்தாள்.

ஒரு வாய் தின்றேன். பிறகு கேட்டேன், "உனக்குக் கை மறந்துடுச்சுன்னு சொன்னியேம்மா?"

"சாப்பிடு" என்றாள்.

"அப்போ சனிக்கிழமை சனிக்கிழமை ஏன் அப்படிச் செய்யறே?"

அம்மா ரொட்டியைப் பிய்த்தாள். "மேடும் பள்ளமுமா இருந்தா நாலு பங்குக்குக் கோடு நிக்காது" என்றாள். நான் உண்மையை எழுதுகிறவள். ஆனால் இதைப் பெரியப்பா கேட்காதவரை நானாகச் சொல்லப் போவதில்லை. கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். அவர் கேட்காமல் இருக்க வேண்டும், இனி சனிக்கிழமைகளில் தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் சாப்பிடப் போகிறேன்.

உடனே எழுது.
பூச்சி


செப்டம்பர் 14

பூச்சிக்கு,

உடம்பு சுகம். கவலைப்படாதே. மழை, அதனால் தாமதம்.

உன் இரண்டாம் பக்கம் கிடைத்தது. மூன்று தடவை படித்துவிட்டு மடித்து வைத்திருக்கிறேன். அதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். அதில் உள்ள ஆளுக்கு என் முத்தம்.

தேர்வு பற்றிக் கேட்டிருந்தாய். பஸ் கழுவுவதில் நான் இப்போது கெட்டிக்காரி. கூரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், சக்கரத்தில் முடிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பழைய செய்தித்தாள்தான் நல்லது. பெரியப்பாவிடம் சொல், அவர் படித்து முடித்ததை அனுப்பினால் பயன்படும்.

பிரேக் பற்றிய அறிவுரைக்கு அவருக்கு நன்றி. அது சரியான அறிவுரைதான்.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். பெரியப்பாவுக்குப் புதுக் கண்ணாடி வந்திருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் எல்லாமே கோணலாக இருப்பதாகச் சொல்கிறார்.

உன் கடிதத்தை வாசித்தேன். வாசித்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது. பஸ் கழுவுவது வந்ததும் பெரியப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். "கழுவுறதுக்கா படி தாண்டினா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீ தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதை எல்லோரும் கவனித்தோம்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். அவருடைய பழைய அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் ஒரு எழுத்தர் இடம் காலியாகிறதாம். பேசிவிட்டாராம். "வரச் சொல்லு. வந்து அந்த நாற்காலியில உக்காரட்டும். அன்னிக்கே தட்டுல அவளுக்குக் கோடு போடறேன். நான் ஒண்ணும் ராட்சசன் இல்ல." அவர் ராட்சசன் இல்லை என்பது எனக்கும் தெரியும். உன் கட்டில் பக்கத்து ஜன்னல் மழையில் அடித்துக்கொண்டபோது அவர்தான் ஏணி வைத்து ஏறிக் கொக்கி போட்டார். கேட்டதற்கு, காற்று வந்தால் தனக்குத் தலைவலி என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை வந்த மசியல் மசியலே இல்லை, அவித்த அவரை. பெரியம்மா ஒன்றை எடுத்துக் கோலிக்குண்டு போல மேசையில் உருட்டி, "இதுல கோடு போடுங்க பாக்கலாம்" என்றார் பெரியப்பாவிடம். அவர் தட்டைத் தள்ளிவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றார்.

நேராகவே கேட்கிறேன். நீ தேர்வில் தோற்றுவிட்டாயா? அந்த நாற்காலிக்கு வருவாயா? நீ வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடப்பது பிடிக்கவில்லை. ஆனால் நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அந்த முகம் உன் முகமாகத் தெரியவில்லை.

பூச்சி


அக்டோபர் 9

அன்புள்ள பூச்சிக்கு, பெரியப்பாவுக்கு, பெரியம்மாவுக்கு, அம்மாவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். நான் சுகம். இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துச் சத்தமாக வாசி. பெரியம்மாவின் இடது காதுப் பக்கம் நின்று வாசி.

ஆமாம், தோற்றுவிட்டேன். ஆகஸ்டில். பின்னோக்கி ஓட்டி, குறுகலான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். தோற்றவர்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். நான் போக மாட்டேன் என்றேன். மறு தேர்வு வரை டிப்போவில் வண்டி கழுவுகிறாயா என்றார்கள். சரி என்றேன். கழுவுகிறேன். சாயங்காலம் காலி வண்டியில் பின்னோக்கி ஓட்டிப் பழகுகிறேன். இதை எழுதாமல் விட்டது வெட்கத்தால். இப்போது வெட்கம் போய்விட்டது, கூரையிலிருந்து சக்கரம் வரை கழுவிவிட்டேன்.

பெரியப்பா, எழுத்தர் நாற்காலிக்கு நான் வரவில்லை. நீங்கள் எனக்காகப் போய்ப் பேசியிருக்கிறீர்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதற்குக் கூலியாக அந்தத் தட்டில் ஒரு கோடு எனக்கு வேண்டாம். நான் இந்த வீட்டுப் பெண். கம்பத்தைச் சாய்த்தாலும் இந்த வீட்டுப் பெண். வந்தால் ஓட்டுநராகத்தான் வருவேன். பங்கு இருந்தால் உட்கார்ந்து சாப்பிடுவேன். இல்லையென்றால் நின்றுகொண்டே அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவேன்.

மறு தேர்வு இந்த மாதக் கடைசியில்.

அக்கா


நவம்பர் 2

பூச்சி,

சுகமோ சுகம். தேறிவிட்டேன். கம்பம் நிற்கிறது. பயிற்சியாளர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது என்று என் அறைத் தோழி சத்தியம் செய்கிறாள். வெயிலாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரத்திலிருந்து என் கையில் வண்டி. டிசம்பர் முதல் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வரலாமா என்று நான் கேட்கவில்லை. வருகிறேன். சாயங்காலம் வந்து சேர்வேன். எனக்குப் பங்கு இருக்கிறதா இல்லையா, அதை மட்டும் எழுது. இல்லையென்றால் இல்லை என்று எழுது. நீ பொய் எழுத மாட்டாய் என்பதால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அக்கா


நவம்பர் 9

அன்புள்ள ஓட்டுநர் அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் இன்று சொன்னபடி கேட்டது. உன் கடிதம் இன்று காலையில் வந்தது. இன்று சனிக்கிழமை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வாசித்து முடித்ததும் பெரியம்மா கைதட்டினார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பெரியப்பா, "கம்பம் நிக்குதா" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். செய்தித்தாளை எடுத்துக்கொண்டார். தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று பெரியம்மா சொல்கிறார். அப்படி இல்லை. சரியாகத்தான் பிடித்திருந்தார், பக்கத்தைத் திருப்பத்தான் இல்லை.

நான் அடுப்படிக்குப் போனேன். அவரை தோலோடு தண்ணீரில் கிடந்தது. "அம்மா, இன்னிக்கு நான் கோடு போடப் போறேன். அஞ்சு" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அவரையை மடியில் கொட்டினாள். "உக்காரு. நீயும் உரி" என்றாள். நான் உரித்ததில் பாதி நசுங்கியது. அவள் அதையும் சேர்த்துப் பானையில் போட்டாள்.

சாயங்காலம் தட்டு மேசைக்கு வந்தபோது பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நீ போன பிறகு அவர் முன்னால் வந்த முதல் உருப்படியான மசியல் அது. ஒரு சுருக்கமில்லை. அவர் கரண்டிக்குக் கை நீட்டுவதற்குள் நான் அதை எடுத்துக்கொண்டேன். என் கணக்குப் பெட்டியைத் திறந்து பாகைமானியை வெளியே வைத்தேன்.

"என்ன இது?"

"நான் பங்கு போடறேன் பெரியப்பா."

"போடு. நாலு."

"அஞ்சு."

"உன்கிட்ட யாரும் கேக்கல."

"நானும் யாரையும் கேக்கல பெரியப்பா" என்றேன். கரண்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவர் அம்மாவின் பக்கம் திரும்பி, இத்தனை மாதமாக வராத கைப்பக்குவம் இன்றைக்கு எப்படி வந்தது என்று கேட்டார். அவ்வளவு நாளாக நான் பயந்த கேள்வி. நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள். என்னைப் பார்த்து அல்ல, நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"எப்பவும் இருந்துச்சு. நாலு பங்கு போடற தட்டுக்கு அது எதுக்குன்னு விட்டுட்டேன். இன்னிக்கு அவ அஞ்சு போடறேன்னா. அதான் செஞ்சேன். அவ போடட்டும்."

பெரியம்மா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். அவரது இடது காது அதை முழுசாகக் கேட்டது.

நான் கோடு போட்டேன். முந்நூற்று அறுபதை ஐந்தால் வகுத்தால் எழுபத்திரண்டு பாகை. பாகைமானியைத் தட்டின் நடுவில் பிடித்து ஒவ்வொரு எழுபத்திரண்டுக்கும் ஒரு புள்ளி வைத்து, காம்பால் இழுத்தேன். பாடத்தில் இருக்கும்படியே செய்தேன். ஆனால் முடித்ததும் பார்த்தால், ஒரு பங்கு வீங்கியும் பக்கத்துப் பங்கு சூம்பியும் இருந்தன. எங்கே தப்பு என்று புரியாமல் பெட்டியைப் புரட்டினேன். சூம்பிய பங்கு உன்னுடையது, ஏனென்றால் அது உன் நாற்காலி இருக்கும் பக்கம்.

பெரியப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுபடி பார்த்தார். கல் குத்திய செருப்போடு நடப்பவர் மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே நெளிந்தார்.

"அது வட்டமே இல்லடி" என்றார் கடைசியில். "அந்தப் பக்கம் தட்டு நெளிஞ்சிருக்கு, உன் பெரியம்மா கீழ போட்டதுல. கோணத்த மட்டும் அளந்தா ஆச்சா? நிலம் கோணத்துலயா இருக்கு? பரப்புல இருக்கு. ஒருத்தருக்குக் கொறஞ்சுபோச்சு பாரு. கொண்டா இப்படி."

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார். அதன் முதுகால் என் கோடுகளையெல்லாம் பூசி அழித்தார். ஒரு கண்ணை மூடி, தட்டைக் கொஞ்சம் திருப்பி, நெளிந்த பக்கத்திலிருந்து நடுப்புள்ளியை ஒரு நகக்கண் அளவு தள்ளிவைத்தார். பிறகு இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. எண்ணெயை ஊற்றினார். அது ஐந்து வாய்க்காலிலும் ஒரே வேகத்தில் ஓடி ஒரே சமயத்தில் விளிம்பைத் தொட்டது. "இப்ப சரி" என்றார், மனநிறைவோடு.

யாரும் ரொட்டியைத் தொடவில்லை. அவர் தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி தட்டைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பெரியம்மா, "ஏன் அவளுக்குக் கொறையக் கூடாதுன்னு இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். பெரியப்பா காது வரை சிவந்துவிட்டார். கரண்டி கையில் இருந்தது. ஒரு இழுப்பில் அழித்திருக்கலாம். அவர் அழித்தால் மறுபடி போடுவது என்று நான் பாகைமானியைக் கையில் பிடித்துக்கொண்டேதான் இருந்தேன். அவர் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தன் பங்கைத் தின்றார், மெதுவாக, கோட்டைத் தாண்டாமல்.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில்: இருக்கிறது. அவர் கையால் போட்டது. நீ எழுத்தராகாமல், ஓட்டுநராகவே இருந்து கிடைத்தது. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. இன்னும் நிறையப் பேச்சு பாக்கி இருக்கிறது, நீ வந்த பிறகு சண்டையும் வரலாம். நீ தயாராகவே வா.

இன்றைய உன் பங்கை ரொட்டியோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரியம்மா காலி செய்துகொண்டிருக்கிறார். "அவ வரும்போது புதுசா செய்யலாம், இது புளிச்சிடும்" என்கிறார். அம்மா தடுக்கவில்லை. பானையைக் கழுவிக்கொண்டே ஏதோ பாட்டை முனகுகிறாள்.

இதை எழுதும்போது பெரியப்பா வந்து பின்னால் நின்றார். அவளுக்கு எந்த வழித்தடம் கொடுத்திருக்கிறார்கள், வண்டி நம் ஊர்ப் பக்கம் வருமா என்று கேட்டு எழுதச் சொன்னார். "நான் கேட்டேன்னு எழுதாதே" என்றார். எழுதிவிட்டேன். கண் கெட்டுவிடும், போய்ப் படு என்றார். இன்னும் இரண்டு வரி என்றேன். அவர் காத்திருக்கவில்லை, விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி போர்வைக்குள்ளிருந்து.